தாமிரம் வேண்டாத நெல்

நெல்லுக்குத் தாமிரம் தேவையில்லை என்று உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாளில், கல்லணைக்குறிச்சி நெல் திசு நிலையத்தில் ஆளுக்கொரு கரண்டி கேசரி வழங்கப்பட்டது. ஒப்பந்த ஊழியர்களுக்கு அரைக் கரண்டி.

அறிவித்தவர் இயக்குநர் முனைவர் கவின்ராஜ். கண்டுபிடித்தது 'பதம்' என்ற கணினி. அதற்குக் கேசரி தின்ன வாயும் மாலை வாங்கக் கழுத்தும் இல்லாததால், இரண்டையும் இயக்குநரே அதன் சார்பில் ஏற்றுக்கொண்டார்.

நெல்லைப் பற்றி இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கருவழுகல் வந்திருந்தது. அது ஒரு பூஞ்சை. நெல்மணியில் சோறாகும் பகுதியை அது தொடவில்லை, முளையாகும் பகுதியை மட்டும் தின்றது. பொங்கினால் சோறு, தூவினால் நாற்றம். நாற்றங்கால்கள் ஊறி உப்பிக் கிடந்த அந்த ஆண்டுக்குப் பிறகு, நெல் குப்பியில்தான் பிறக்கிறது. குப்பிநாற்றை விவசாயி வாங்கிப் போய், வளர்த்து, தூர் தூராகப் பிரித்து நட்டு வயலை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த பருவத்துக்கு மறுபடியும் நிலையத்து வாசலில் வந்து நிற்க வேண்டும்.

விழாவுக்கு வந்திருந்த துறைச் செயலர் அம்மாள் வளர்ப்பு ஊடகம் தயாரிக்கும் ஊடக அறை வாசலில் நின்று, "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டார்.

"பேரூட்ட நுண்ணூட்ட விகிதங்களையும் வளர்ச்சி இயக்குநீர்களையும் பல்பரிமாணத் தளத்தில் உகப்பாக்கம் செய்து…" என்று இயக்குநர் ஆரம்பித்தார். செயலர் அம்மாளின் பார்வை மெல்ல நழுவி, உள்ளே தலைக்குல்லாயும் கையுறையுமாக நின்ற பெண்ணின் மேல் விழுந்தது.

"நீ சொல்லும்மா."

"கூழு காய்ச்சுதோம் மேடம்," என்றாள் தர்ஷினி.

அங்கே எல்லோரும் அதைக் கூழ் என்றுதான் சொன்னார்கள். வளர்ப்பு ஊடகம் என்ற பெயர் கோப்புகளுக்கு மட்டும்.

"இளங்கதிர்ல இருந்து கடுகளவு சதைய எடுத்து இந்தக் கூழு மேல வைப்போம் மேடம். தாய் இல்லாத பிள்ளைக்குப் புட்டிப்பால் குடுக்குற மாதிரி. உப்பு, சீனி, வைட்டமினு, இறுகுறதுக்குக் கடல்பாசி. மொத்தம் முப்பத்தோரு சாமான். அளவு சரியா இருந்தா சதை கட்டி கட்டியாப் பெருகும். கட்டிய வேற கூழுக்கு மாத்துனா முளை விடும். அளவு தப்பிப் போச்சுன்னா அழுகிரும். இல்லன்னா வெள்ளையா வரும்."

"வெள்ளையா வந்தா?"

"கூழுல சீனி இருக்க வரைக்கும் நல்லா இருக்கும் மேடம். பாக்க அழகாவும் இருக்கும். ஆனா அதுவா சமைச்சுச் சாப்பிடத் தெரியாது. வயல்ல வச்சா மூணு நாளு."

செயலர் அம்மாள் தமக்குத் தெரிந்த யாரையோ நினைத்துக்கொண்டவர் போல வாய்விட்டுச் சிரித்தார். இயக்குநரும் சிரித்தார், யாரை என்று தெரியாமலே.

மற்ற பதினொரு நிலையங்களில் நூறு கட்டிக்கு முப்பது பச்சை நாற்று கிடைத்தால் அதிகம். கல்லணைக்குறிச்சியில் தொண்ணூற்றிரண்டு. ஆறு ஆண்டுகளாக 'பதம்' அந்த முப்பத்தொரு பொருள்களின் அளவையும் ஏற்றியும் இறக்கியும் பார்த்து, அறுபத்தொன்றாவது முறை எட்டிய எண் அது. ஒவ்வொரு முறை தாமிர உப்பைக் குறைத்தபோதும் பச்சை கூடியது. குறைத்துக் குறைத்துக் கடைசியில் பூஜ்யத்தில் வந்து நின்றது. 'தாமிரம் வேண்டாத நெல்' என்று இயக்குநர் எழுதிய கட்டுரைக்குப் புரட்டாசி பதினைந்தாம் தேதி டெல்லியில் விருது. வரும் பிசானப் பருவத்துக்குப் பதினொரு நிலையங்களும் பதம்-61ஐத்தான் காய்ச்ச வேண்டும் என்று ஆணை.

தர்ஷினிக்கும் அந்த விழாவில் ஒரு செய்தி இருந்தது. பதினான்கு ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அவளை நிரந்தரமாக்கும் ஆணை தட்டச்சாகிவிட்டது, மூன்று மாதம் கழித்து ஒன்றாம் தேதி கையெழுத்து. மினி பஸ் ஓட்டும் அவள் கணவன் வசந்த் அன்றைக்கே பாளையங்கோட்டைக்குப் போய், நிரந்தரமானால் கிடைக்கும் குவார்ட்டர்ஸ் வாசலில் மாட்டுவதற்கு அவள் பெயர் போட்ட பலகை ஒன்று செய்து வந்துவிட்டான். வீட்டுச் சாவிக்கு முன்னால் பலகை வந்து சேர்ந்தது.

ஐந்து வாரத்தில் பதினொரு நிலையங்களிலும் நாற்று வெள்ளையாக வந்தது.

வெளுப்பு என்று சொல்ல முடியாது. பால் வெள்ளை. வளர்ப்பறை விளக்கடியில் அடுக்கடுக்காக, நகரத்துக் கல்யாண மண்டபத்து அலங்காரம் மாதிரி நின்றது. வாசலில் விவசாயிகள் டிராக்டரோடு வந்து காத்திருந்தார்கள்.

'பதம்' ஆராய்ந்தது. செய்முறை ஒன்றுதான். மருந்துகள் ஒரே கம்பெனி. வெப்பம், வெளிச்சம் எல்லாம் ஒன்று. கல்லணைக்குறிச்சியில் பச்சை, மற்ற இடங்களில் வெள்ளை. மிச்சம் இருப்பது கை மட்டும். 'கைப்பிழை' என்று அது எழுதியது. ஒப்பந்தத்தில் கைப்பிழைக்கு என்ன தண்டனை என்பது ஏற்கெனவே இருந்தபடியால், யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பதினொரு ஊடக அறைகளில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று பெண்களின் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. வேலை போனது. ஊற்றிக்கொண்டிருந்த கூழை முழுக்க ஊற்றிவிட்டுத்தான் போனார்கள். பாதியில் விட்டால் அது இறுகிப் பாத்திரம் வீணாகிவிடும்.

மூன்றாம் நாள் வள்ளியூர் நிலையத்துப் பெனிட்டா கல்லணைக்குறிச்சிக்கு வந்தாள். தோளில் ஒரு பெரிய பை, கையில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், கேனைவிடக் கனமாக முகம்.

"யக்கா, எங்கையில என்ன தப்புன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று பையைத் திறந்து மேசையில் பரப்பினாள். மருந்துப் பொட்டலங்கள், குப்பிகள், கட்டிகள் இருந்த டப்பா.

"ஏட்டி, என்னத்துக்கு எல்லாத்தையும் சுமந்துட்டு வந்த? இங்க இல்லாத சாமானா?"

"இங்க உள்ளதுல செஞ்சா, ஒங்க சாமான் நல்லாருக்கு, எங்கை நல்லால்லன்னு சொல்லிருவாவ. எங்கை, எஞ்சாமான், எந்தண்ணி. நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும். நான் தப்புப் பண்ணுனா மண்டையில ரெண்டு வையுங்க."

தர்ஷினி நின்று பார்த்தாள். பெனிட்டா எடை போட்டாள், கலக்கினாள், அமிலத் தாளைத் தொட்டுப் புளிப்பு பார்த்தாள். அவள் கை ஒரு சொட்டுகூடத் தப்பவில்லை. தர்ஷினிக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"கையில கொறை இல்லட்டி. நீ என்னைய விட நல்லாச் செய்யுத."

"அதயே ஒரு தாள்ல எழுதிக் குடுப்பியளா?"

தர்ஷினி அடுத்த குப்பியை எடுத்து நீட்டினாள். கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆள் கையெழுத்துப் போடுவதற்கு யோசிப்பாள். பெனிட்டா அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏழாவது குப்பிக்கு ஊற்றியதோடு அவள் கேனில் தண்ணீர் தீர்ந்துபோனது. நாங்குனேரித் திருப்பத்தில் பஸ் குலுக்கிய குலுக்கில் மூடி கழன்று பாதித் தண்ணீர் முன்சீட்டுக்காரர் வேட்டிக்குப் போய்விட்டதாம். மிச்சம் மூன்று குப்பிக்குத் தர்ஷினியின் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். பத்துக் குப்பியையும் தர்ஷினியின் வளர்ப்பறையில் ஒரே தட்டில் வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

பதினெட்டாம் நாள் தர்ஷினி கைப்பேசியில் கூப்பிட்டாள். "பெனிட்டா, கிளம்பி வா. ஏன்னு கேக்காத."

தட்டில் ஏழு வெள்ளை, மூன்று பச்சை.

பெனிட்டா குப்பிகளின் அடியில் தான் போட்டிருந்த எண்களைத் திருப்பிப் பார்த்தாள். எட்டு, ஒன்பது, பத்து.

"யக்கா. ஒங்க தண்ணி எங்கேருந்து வருது?"

"வடிச்ச தண்ணிதான். ஒங்களுக்கும் அதானே?"

"வடிக்குற மெஷினக் காட்டுங்க."

ஊடக அறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, சுத்தமான தண்ணீராக வடிக்கும் பழைய கலன். ஆவி குளிர்கிற இடத்தில் கண்ணாடிச் சுருள் இருக்க வேண்டும். இதில் செந்நிறத்தில் ஒரு குழாய் சுருண்டு கிடந்தது. மூட்டுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"இது என்னதுக்கா?"

"ஏசி பைப்பு," என்றாள் தர்ஷினி. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "ஆறு வருஷம் முன்னால கண்ணாடி உடைஞ்சு போச்சு. மூணு தடவ எழுதிப் போட்டேன், மூணு தடவயும் படிவம் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டாவ. ஏசி பாக்க வந்த காஜா மைதீன் அண்ணன், இதுக்குப் போயி அழுவியாம்மான்னு, பழைய ஏசியில கெடந்த செம்புக் குழாயச் சுத்தி மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. ஒரு டீ தான் குடிச்சாரு."

"செம்பு," என்றாள் பெனிட்டா.

"செம்பு."

"யக்கா, அப்பம் தாமிரம் வேண்டாம்னு பதம் சொன்னது…"

"தண்ணியிலேயே வேணுங்கிற அளவு இருந்திருக்கு. உப்புல போட்டதெல்லாம் மிச்சம். மிச்சத்தக் குறைக்கக் குறைக்க நல்லா வந்திருக்கு. எங்க கூழுல தாமிரம் இருந்துச்சு பெனிட்டா. ஒங்க கூழுல மட்டுந்தான் இல்ல."

நூற்றிருபது நாடுகளில் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"பதிவேட்டுல என்ன எழுதுவிய?" என்றாள் பெனிட்டா.

"எழுத முடியாது. ஒரு பட்டியல் வரும், அதுல ஒண்ணத் தொடணும். உடைஞ்ச கலன பட்டியல்ல இருந்து அடிச்சிட்டாவ. புதுசு ஒண்ணுதான் இருக்கு. ஆறு வருஷமா அதத்தான் தொடுதேன்."

"புதுசு எங்க?"

புதுசு வரவேற்புக் கூடத்தில் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த கலன், வந்த அன்று போர்த்தியிருந்த பாலித்தீன் உறையோடு. அதன் விலையைக் கேட்டதும், கண்டவர்கள் கைபட்டு வீணாகிவிடும் என்று அப்போதைய நிர்வாக அலுவலர் குழாய் இணைப்பே கொடுக்கவில்லை. மந்திரிகள் வந்தால் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்கு உறையின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதன் வயிற்றுக்குள் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை. 'பதம்' மட்டும், தினமும் நாற்பது லிட்டர் அதிலிருந்துதான் வடிகிறது என்று நம்பியிருந்தது. அதற்குக் கண் கிடையாது, பதிவேடு மட்டும்தான்.

"கட்டிக எத்தன நாளு தாங்கும்?" என்று தர்ஷினி கேட்டாள்.

பதினொரு நிலையங்களிலும் இன்னும் முளைக்கு மாற்றாத கட்டிகள் கையிருப்பில் இருந்தன. அவை சரியான கூழைத் தொட்டால் பிசானத்துக்கு நாற்று உண்டு.

"மிஞ்சிப் போனா பன்னெண்டு நாளுக்கா. அதுக்கு மேல கிழடு தட்டிரும். அப்பம் என்னத்தப் போட்டாலும் முளைக்காது."

தர்ஷினி கையுறையைக் கழற்றிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

முனைவர் கவின்ராஜ் கெட்டவர் இல்லை. ஊழியர் வீட்டு விசேஷங்களுக்குத் தவறாமல் போவார், பந்தியில் முதல் வரிசையில் உட்கார மாட்டார். டெல்லியில் பேச வேண்டிய உரையை அப்போது சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹால்ல இருக்கிற மெஷின் ஓடலையா?"

"அதுக்குத் தண்ணி லைனே குடுக்கல சார்."

"நான் தினமும் அதைத் தாண்டித்தானே வர்றேன்."

"ஆமா சார்."

"கவர் போட்டே ஓடுற டைப்போன்னு நெனைச்சேன்." அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "சரி. நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். ஆனா மூணு குப்பி, தர்ஷினி. மூணே மூணு. அதை வச்சு ஆறு வருஷ ஆராய்ச்சியக் கவுக்க முடியுமா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரு குழு போடுவோம்."

"குழு எப்பம் சார் கூடும்?"

"நான் டெல்லி போயிட்டு வந்து… பதினைஞ்சு, அப்புறம் ஆயுத பூஜை லீவு… ஒரு இருபத்தஞ்சு நாள்ல முதல் கூட்டம் வச்சிரலாம்."

"கட்டிக்குப் பன்னெண்டு நாளுதான் சார் இருக்கு. தாமிர உப்பு, மயில்துத்தம், ஒரு கிள்ளு போதும் சார். நீங்க ஒரு வார்த்த பதத்துக்கிட்ட சொன்னா…"

"தாமிரம் வேண்டாம்னு உலகத்துக்கே சொன்ன ஆளு, தாமிரம் போடுன்னு எப்படிம்மா சொல்றது?" அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "அடுத்த பருவத்துக்குள்ள நானே இதைப் பக்குவமாக் கொண்டுவந்துர்றேன். ஒரு பருவம்தானே. அரிசி இறக்குமதி பண்ணிக்குவாங்க. ஒண்ணாம் தேதி உங்க ஆர்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும். அதையும் கெடுத்துக்காதீங்க."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். அதனால்தான் தர்ஷினியால் அவரிடம் சண்டை போட முடியவில்லை.

வெளியே வந்து பெனிட்டாவிடம் சொன்னாள்.

"பதத்துக்கு நாமளே எழுத முடியாதா?" என்றாள் பெனிட்டா.

"மேம்பாட்டு ஆலோசனைன்னு ஒரு படிவம் இருக்கு. ஒம்பது பேரு கையெழுத்துப் போட்டாத்தான் பதத்துக்குப் போவும். வேற விசயத்துக்கு நான் போட்ட ஆலோசனை ரெண்டும் இன்னும் ரெண்டாவது கையெழுத்துலயே நிக்கி."

"வேற?"

தர்ஷினி தயங்கினாள். வேறு ஒன்று இருந்தது. தன்தவறு ஒப்புகை. ஊழியர் ஒருவர் தம் தவறைத் தாமே எழுதிக் கொடுக்கும் படிவம். அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம், நேராகப் பதத்துக்குப் போய்விடும். நல்லது ஏதாவது நடந்தால் அது எல்லா மேசையிலும் ஒருமுறை உட்கார்ந்து போக வேண்டும், தவறு நடந்தால் எந்த மேசையிலும் ஒட்டாமல் போக வேண்டும் என்று விரும்பிய பெரியவர்கள் அமைத்த வழி அது. கொடுத்தவுடன் ஒப்பந்தம் தானாக ரத்தாகும்.

"அத எழுதுனா வேல போயிரும்," என்றாள் தர்ஷினி.

பெனிட்டா எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போன ஆளுக்கு, வேலை இருக்கும் ஆளிடம் இதைக் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

தர்ஷினி வசந்தைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்றான்.

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் இருவது நாளு இருக்கு. கட்டிக்குப் பன்னெண்டு."

"பலகையில பேரு வெட்டியாச்சேட்டி," என்று சொன்னான். பிறகு, "சரி, ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி. வீட்டுக்கு வரும்போது பால் வாங்கிட்டு வா," என்று வைத்துவிட்டான்.

படிவத்தில் 'உங்கள் தவறு என்ன?' என்று ஒரு கட்டம். இருநூறு எழுத்துதான் பிடிக்கும். பெரிய தவறுகளைச் செய்கிறவர்கள் அந்தப் படிவத்தை நிரப்புவதில்லை என்பதால் இடம் போதுமானதாகவே இருந்திருக்கும். தர்ஷினி எழுதினாள்: 'ஆறு வருடமாகப் பழைய கலனில் செம்புக் குழாய் வழியாக வந்த நீரில் ஊடகம் தயாரித்தேன். புதிய கலன் ஓடவில்லை. ஓடுவதாகப் பதிந்தேன்.'

'இது உங்கள் தவறுதானா?' என்று அடுத்த கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எழுத இருநூறு எழுத்துப் போதாது. ஆனால் 'இல்லை' என்றால் படிவம் போகாது. அவள் ஆம் என்பதைத் தொட்டாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. ஐந்தாவது நிமிடத்தில் பதம்-62 வெளிவந்தது. பதினொரு நிலையங்களுக்கும் தாமிர உப்பின் அளவு புள்ளி போட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. ஆறாவது நிமிடத்தில், வெளுப்புக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டதால், நாற்பத்து மூன்று பேரின் நீக்கமும் தானாக ரத்தானது. பெனிட்டாவின் கைப்பேசி மணி அடித்தது. ஏழாவது நிமிடத்தில் தர்ஷினியின் கைப்பேசி. காரணம்: கைப்பிழை.

மேசையில் விட்டுவந்த சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனாள். அட்டையைக் காட்டினால் ஊடக அறைக் கதவு திறக்கவில்லை. பெனிட்டாதான் கண்ணாடி வழியாக உள்ளே பாத்திரம் கழுவுகிறவரைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தர்ஷினிக்கு அழுகை வரவில்லை. பால் வாங்க வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

முனைவர் கவின்ராஜ் டெல்லிக்குப் போனார். உரையின் தலைப்பு மட்டும் மாறியிருந்தது: 'நெல்லில் தாமிரத்தின் மறுகண்டுபிடிப்பு.' எழுந்து நின்று கைதட்டினார்களாம். தர்ஷினிக்கு ஒரு நற்சான்றிதழும் அனுப்பினார். மிகவும் நேர்மையானவர், கைப்பிழை தவிர வேறு குறை இல்லாதவர் என்று அதில் இருந்தது.

கார்த்திகையில் தர்ஷினி கணவனின் மினி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். மத்தியான நடையில் கூட்டம் இருக்காது. இரண்டு பக்கமும் நாற்று நட்டிருந்தார்கள். எல்லா வயலும் நிறையவில்லை, ஊடே ஊடே தரிசும் கிடந்தது. ஆனால் நட்டதெல்லாம் பச்சை. ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பெனிட்டா கூப்பிட்டாள்.

"யக்கா, சாப்பிட்டியளா? ஒரு விசயம். பதம் ஒரு கேள்வி கேக்குது."

"பதம் கேக்குதா?"

"நாலு நாளா காலையில கம்ப்யூட்டரத் தொறந்தாலே அதான் வருது. ஒங்க படிவத்தச் சொல்லுது. ஆறு வருசத்துல அதுக்குப் பதினோரு லட்சம் பதிவு வந்துச்சாம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் எல்லா எடத்துலயும் பச்சையக் கூட்டுச்சாம், அதுவும் தன்தவறு ஒப்புகையில வந்ததாம். அதனால கேக்குது, 'பதிவேட்டில் இல்லாதது உங்கள் அறையில் வேறு என்ன இருக்கிறது?'"

தர்ஷினி டிக்கெட் கட்டை மடியில் வைத்தாள். பதினான்கு வருடத்தில் அந்த நிலையத்தில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"இயக்குநருமாருக்கெல்லாம் ஒரே கலக்கமாம்," என்றாள் பெனிட்டா. "கேள்வியத் தூக்கச் சொல்லி எழுதியிருக்காவ. அதுக்கும் ஒம்பது கையெழுத்து வேணுமே, சுத்திக்கிட்டுக் கெடக்கு. எங்களுக்கு இருக்குக்கா, எல்லாத்துக்கும் ஒண்ணு இருக்கு. நான் ஊத்தும்போது ஃபேன நிறுத்திருதேன், எழுதுனது இல்ல. தென்காசியில ரித்திகா கடல்பாசிய ஒரு ராத்திரி ஊறப் போட்டுத்தான் காய்ச்சுதா. கோயில்பட்டிப் பிள்ளைக ஆறாம் நம்பர் பல்ப எரிய விடுறதே இல்ல, அதுக்கடியில உள்ளது கருகுதுன்னு. இதெல்லாம் தெரிஞ்சா எழுபதுல நிக்கிற பச்ச தொண்ணூறுக்குப் போவும். தரிசா கெடக்க வயலுக்கும் நாத்துக் கெடைக்கும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எதுல சொல்ல? பதத்துக்கிட்ட நேரா போற படிவம் அது ஒண்ணுதான இருக்கு. எழுதி முடிச்ச ஏழாம் நிமிசம் வீட்டுக்குப் போவணும். எழுதாட்டிப் போனா தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கு. நேத்து ரித்திகா எழுதப் போயி கைய எடுத்துட்டா. அவளுக்கு ரெண்டு பிள்ளைக. நீங்க எப்படிக்கா எழுதுனிய?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்க வேண்டியவர் இறங்கினார். வசந்த் விசிலுக்காகத் திரும்பிப் பார்த்தான். தர்ஷினி விசில் அடிக்கவில்லை.

"பெனிட்டா, இப்பம் கூழு காய்ச்சத் தெரிஞ்சவ எத்தன பேரு இருக்கிய?"

"பதினோரு எடத்துலயும் சேத்தா? அதே நாப்பத்து மூணு பேருதான். கல்லணைக்குறிச்சியில ஒங்க எடத்துக்குப் புதுசா வந்தவ இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கா."

"நான் ஒத்தையில எழுதுனேன், அதான் ஏழு நிமிசத்துல முடிஞ்சு போச்சு." தர்ஷினி நிதானமாகப் பேசினாள். "நீங்க நாப்பத்து மூணு பேரும் ஒரே நாளு, ஒரே நேரத்துல எழுதுங்க. அன்னைக்கு யாரு கூழு காய்ச்சுதாவன்னு பாப்போம். குழு போட்டாக் காய்ச்சுவாவ?"

வசந்த் இன்ஜினை நிறுத்திவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல், காத்திருந்தான்.

பிறகு பெனிட்டாவின் குரல் கேட்டது. அவள் தர்ஷினியோடு பேசவில்லை. கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அறைக்குள் யாரிடமோ சொன்னாள்:

"ஏட்டி, அந்த ஃபேன நிறுத்து. தென்காசி, கோயில்பட்டி, எல்லாவளையும் ஒண்ணா லைன்ல கூப்பிடு."